படம் ஓடியதா? பிடித்ததா?

கையால் வரைந்த தேவதைக் கதைப் படங்களும் ஒரு வகுப்பறைக் கணக்கும்

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு படத்தின் கடைசிப் பத்து நிமிடங்களைப் போட்டுக் காட்டினேன். 1959இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் கையால் வரைந்து எடுத்த ‘உறங்கும் அழகி’ அது. இளவரசன் முட்புதர்களை வாளால் வெட்டிக்கொண்டு கோட்டையை நோக்கி வருகிறான். சூனியக்காரி கண்ணெதிரே பிரம்மாண்டமான டிராகனாக மாறி நெருப்பைக் கக்குகிறாள். வகுப்பு கண்கொட்டாமல் பார்த்தது. விளக்கைப் போட்டதும் கடைசி வரிசையிலிருந்து முதல் கேள்வி வந்தது.

“டீச்சர், இந்தப் படம் எவ்வளவு கலெக்‌ஷன்?”

“வந்த புதிதில் போட்ட பணமே திரும்பவில்லை” என்றேன்.

“ஃபிளாப்பா? அப்புறம் எதுக்கு டீச்சர் எங்களுக்குப் போட்டீங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனத்தில் நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு முன்பு வரை இருக்கையின் நுனியில் உட்கார்ந்து பார்த்த மாணவன் அவன். ஓர் எண்ணைக் கேட்டதும் தன் கண்ணும் மனமும் சொன்னதைக் கைவிட்டுவிட்டான். ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்று சொல்லும் துணிவை ஒரு தோல்விச் செய்தி பறித்துக்கொண்டது.

வசூலைப் பற்றிப் பேசாதே என்று அவனை அடக்கியிருக்கலாம். அது வழியல்ல என்று தோன்றியது. வசூலைப் பற்றியே விரிவாகப் பேசினால் என்ன? அதற்குக் கையால் வரைந்த தேவதைக் கதைப் படங்களைப் போலப் பொருத்தமான பாடம் வேறில்லை. அவற்றின் செலவு, வரவு, பார்வையாளர் வரவேற்பு ஆகிய மூன்றும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் கதை. மூன்றும் ஒரே திசையில் போன காலமும் உண்டு, ஆளுக்கொரு திசையில் போன காலமும் உண்டு.

ஒரு நொடிக்கு 24 படங்கள்

முதலில் செலவு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ‘உறங்கும் அழகி’ 75 நிமிடப் படம். 75 × 60 × 24 என்று மாணவர்களையே பெருக்கச் சொன்னேன். 1,08,000 சட்டகங்கள். பல காட்சிகளில் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தாலும் ஒரு பாத்திரத்துக்கு நொடிக்கு 12 ஓவியங்கள். ஒரே காட்சியில் மூன்று பாத்திரங்கள் அசைந்தால் 36.

ஓவியர் பென்சிலால் வரைவார். அதை இன்னொருவர் கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் மையால் படியெடுப்பார். பின்புறத்தில் வேறொருவர் வண்ணம் தீட்டுவார். பின்னணிக் காட்சியைத் தனியாக ஓர் ஓவியர் தீட்டுவார். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு சட்டகமாக ஒளிப்படம் எடுப்பார்கள். இத்தனை கைகளுக்கும் பல ஆண்டுகள் சம்பளம் தர வேண்டும். படம் வெளியாகும் நாள்வரை ஒரு காசு திரும்பாது. எனவே இந்த வகைப் படம் எப்போதுமே பெரிய பந்தயம்தான்.

ஊர் சிரித்த படம்

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதை. அதுவரை அமெரிக்க மக்களுக்குக் கார்ட்டூன் என்றால் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் ஏழெட்டு நிமிடத் துண்டுப்படம். அதை ஒன்றரை மணிநேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று திரையுலகம் கேட்டது. ‘டிஸ்னியின் முட்டாள்தனம்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். இரண்டரை லட்சம் டாலரில் முடியும் என்று தொடங்கிய செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலரைத் தொட்டது. வால்ட் டிஸ்னி தம் வீட்டை அடமானம் வைத்தார்.

படம் வெளியான முதல் சுற்றிலேயே ஏறத்தாழ 80 லட்சம் டாலர் திரும்ப வந்தது. பேசும்படங்களில் அதுவரை எந்தப் படமும் ஈட்டாத தொகை அது. கைவிடப்பட்ட பெண்ணைக் குள்ளர்கள் சூழ்ந்து அழும் காட்சியில் பெரியவர்களும் அழுதார்கள். கோட்டால் வரைந்த உருவத்துக்காக மனிதர் அழுவார்களா என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. ஆஸ்கர் குழு வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் சேர்த்துச் சிறப்பு விருது கொடுத்தது.

ஆனால் வரவேற்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. பிரிட்டனில் தணிக்கைக் குழு, காட்டுக் காட்சியும் சூனியக்காரியும் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று கருதி, பெரியவர் துணையோடுதான் சிறுவர்கள் பார்க்கலாம் என்ற வகையில் சான்றிதழ் தந்தது. ஒரே படம் ஒரு நாட்டில் குழந்தைகளின் கொண்டாட்டம், இன்னொரு நாட்டில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை.

அடுத்து 1940இல் ‘பினோக்கியோ’ வந்தது. ஸ்னோ ஒயிட்டைவிடக் கூடுதல் செலவு, கூடுதல் நுணுக்கம். விமர்சகர்கள் பாராட்டினார்கள். இசைக்கும் பாடலுக்கும் இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. ஆனால் இரண்டாம் உலகப்போரால் ஐரோப்பியத் திரையரங்குகளின் வருமானம் அடைபட்டுப்போனதால் முதல் வெளியீட்டில் படம் நட்டப்பட்டது. இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தேன்: இந்த நட்டத்தில் படத்தின் தவறு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு?

உறங்கிப் பிறகு விழித்த படம்

இனி, நாங்கள் பார்த்த படம். ‘உறங்கும் அழகி’யை உருவாக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அதன் பெயரைத் தாங்கிய கோட்டை 1955இலேயே டிஸ்னிலாந்து பூங்காவில் எழுந்துவிட்டது. படமோ 1959 ஜனவரியில்தான் வந்தது. அகலத்திரைக்காக வரைந்ததால் ஒவ்வொரு பின்னணியும் பெரிய ஓவியம். ஐவிண்ட் எர்ல் என்ற ஓவியர் ஐரோப்பிய இடைக்கால ஓவியங்களைப் பின்பற்றி மரங்களின் இலை, பட்டை வரை நுணுக்கமாகத் தீட்டினார். சைக்கோவ்ஸ்கியின் பாலே இசையைப் படத்துக்குத் தழுவினார்கள். செலவு 60 லட்சம் டாலர்.

நிறுவனத்தின் கைக்கு முதல் வெளியீட்டில் வந்தது ஏறத்தாழ 53 லட்சம் டாலர். இங்கே வசூல் என்ற சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்ட வேண்டும். பார்வையாளர் சீட்டுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் தயாரிப்பாளருக்குப் போவதில்லை. திரையரங்கின் பங்கு போக மீதிதான் வரும். அதிலிருந்து விளம்பரச் செலவும் கழிய வேண்டும். ‘இத்தனை கோடி வசூல்’ என்று சுவரொட்டியில் பார்க்கும் எண் லாபம் அல்ல என்பதைப் பல மாணவர்கள் அன்றுதான் முதன்முறையாக யோசித்தார்கள்.

படத்தை அன்றைய விமர்சகர்கள் பலர் குறை சொன்னார்கள். கதை மெதுவாக நகர்கிறது, பாத்திரங்கள் விறைப்பாக இருக்கிறார்கள், ஸ்னோ ஒயிட்டை மறுபடி பார்ப்பதுபோல இருக்கிறது என்றார்கள். அவை பொய்யான குறைகளும் அல்ல. கதாநாயகி படத்தில் வருவதே கொஞ்ச நேரம், அதிலும் பெரும்பகுதி உறக்கம். நட்டத்தைத் தொடர்ந்து ஓவியர்கள் பலர் வேலையிழந்தார்கள். 1961இல் வந்த அடுத்த படத்தில் பென்சில் ஓவியத்தை நேரடியாகப் படியெடுக்கும் ஜெராக்ஸ் முறை வந்துவிட்டது. கையால் மைக்கோடு இழுத்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. அதன்பின் 30 ஆண்டுகள் அந்த நிறுவனம் தேவதைக் கதைப் பக்கமே திரும்பவில்லை. நட்டம் என்பது வெறும் எண்ணல்ல, அதன் பின்னால் பல குடும்பங்களின் சோறு இருக்கிறது. ‘கலைக்குப் பணம் முக்கியமில்லை’ என்று மாணவர்களிடம் நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. தேவதைக் கதைப் படங்களுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தால் அவற்றைப் பார்க்காத புதிய குழந்தைகள் வந்துவிடுவார்கள். அதனால் டிஸ்னி நிறுவனம் பழைய படங்களை மறுபடி மறுபடி வெளியிட்டது. ‘உறங்கும் அழகி’ 1970, 1979, 1986 ஆகிய ஆண்டுகளில் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் புதிய பார்வையாளர்கள் சேர்ந்தார்கள். எவற்றை விறைப்பு என்றார்களோ, அந்த ஓவியங்களே பின்னால் அசைவூட்டக் கலை பயில்பவர்களுக்குப் பாடமாயின. சூனியக்காரி மேலபிசென்ட்டை நாயகியாக்கி 2014இல் தனிப்படமே எடுத்தார்கள். 2019இல் அமெரிக்க நாட்டின் பாதுகாக்க வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் ‘உறங்கும் அழகி’ சேர்க்கப்பட்டது. 1959இன் தீர்ப்பு மாறுவதற்கு அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

பென்சில் கோட்டுக்குக் கிடைத்த கைத்தட்டல்

முப்பதாண்டு இடைவெளியை உடைத்தது 1989இல் வந்த ‘லிட்டில் மெர்மெய்ட்’. ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையின் சோக முடிவை மாற்றி, பாட்டும் நகைச்சுவையும் சேர்த்தார்கள். இசைக்கும் பாடலுக்கும் ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. வசூலும் வந்தது.

அடுத்து 1991இல் ‘அழகியும் விலங்கும்’. இந்தப் படத்தைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. படம் முடிவதற்கு முன்பே, 1991 செப்டம்பரில், நியூயார்க் திரைப்பட விழாவில் அதைத் திரையிட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காடுதான் முழுமையாகியிருந்தது. மற்ற இடங்களில் வண்ணமில்லாத பென்சில் ஓவியங்களும், அசையாத மாதிரிப் படங்களும் ஓடின. பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடிக்காத வேலையைக் காட்டினால் கேலி செய்வார்கள் என்று அஞ்சிய இடத்தில், அந்தப் பென்சில் கோடுகளில் தெரிந்த உழைப்புக்கே மரியாதை கிடைத்தது. பிறகு முழுப்படமும் வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் அசைவூட்டப் படமானது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரை பெற்ற முதல் அசைவூட்டப் படமும் அதுவே.

மாணவரின் அடித்தல் திருத்தல் நிறைந்த முதல் படியை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று இந்த இடத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன்.

எது வெற்றி? ஒரு விகிதக் கணக்கு

2009இல் ‘இளவரசியும் தவளையும்’ கையால் வரைந்து வெளியானது. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா அந்தப் படத்தின் நாயகி. விமர்சகர்கள் பாராட்டினார்கள். செலவு ஏறத்தாழ 10.5 கோடி டாலர், உலக வசூல் ஏறத்தாழ 27 கோடி. நிறுவனம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று பேச்சு. அது நாடெங்கும் வெளியான அடுத்த வாரமே ‘அவதார்’ வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தலைப்பில் இளவரசி இருந்ததால் சிறுவர்கள் வரவில்லை என்று நிறுவனம் கருதியது. அடுத்த ஆண்டு ராபன்ஸல் கதையைக் கணினி வழியே எடுத்தபோது, ‘ராபன்ஸல்’ என்ற பெயரை மாற்றி ‘டாங்கிள்ட்’ என்று வைத்தார்கள். அதன் செலவு ஏறத்தாழ 26 கோடி டாலர், உலக வசூல் ஏறத்தாழ 59 கோடி.

இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, எது பெரிய வெற்றி என்று கேட்டேன். எல்லோரும் ‘டாங்கிள்ட்’ என்றார்கள். வசூலிலிருந்து செலவைக் கழித்தார்கள்: ஒன்றில் 16.5 கோடி, மற்றதில் 33 கோடி. சரிதான். பிறகு வசூலைச் செலவால் வகுக்கச் சொன்னேன். தவளைப் படம் செலவைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு ஈட்டியிருக்கிறது. ‘டாங்கிள்ட்’ 2.3 மடங்கு. வகுப்பில் சிறிது நேரம் அமைதி. கழித்தால் ஒரு படம் முந்துகிறது, வகுத்தால் இன்னொன்று முந்துகிறது. விகிதம் என்ற பாடத்தை எதற்குப் படிக்கிறோம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கணக்கு இப்படி இருக்க, முடிவு வேறாக அமைந்தது. 2011இல் வந்த ‘வின்னி த பூ’வுக்குப் பிறகு அந்த நிறுவனம் திரையரங்குக்கெனக் கையால் வரைந்த முழுநீளப் படம் எடுக்கவில்லை. மக்கள் கையோவியத்தை வெறுத்தார்களா, நிறுவனம் நம்பிக்கை இழந்ததா? மாணவர்கள் வாதிடட்டும், முடிவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூங்கிலுக்குள் இருந்த இளவரசி

எல்லா நாட்டிலும் கையோவியம் ஒதுங்கிவிடவில்லை. ஜப்பானில் ஜிப்லி நிறுவனத்தின் ‘ஸ்பிரிட்டெட் அவே’ 2001இல் 3,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டி, அந்நாட்டின் வசூல் சாதனையைப் பல ஆண்டுகள் தக்கவைத்தது. ஆஸ்கரும் பெற்றது.

அதே நிறுவனம் 2013இல் ‘இளவரசி ககுயாவின் கதை’யை வெளியிட்டது. மூங்கில் வெட்டுபவர் ஒருவர் மூங்கிலுக்குள் ஒரு சிறு பெண்ணைக் கண்டெடுத்து வளர்க்கும் பழங்கதை அது. ஜப்பானியக் குழந்தைகள் பள்ளிப் பாடத்திலேயே அறிந்தது. இயக்குநர் இசாவோ தகஹாதா அதை நீர்வண்ணமும் கரிக்கோடும் கலந்த ஓவியம்போல, வெள்ளைத்தாள் தெரியும்படி எட்டு ஆண்டுகள் உழைத்து எடுத்தார். செலவு ஏறத்தாழ 500 கோடி யென். ஜப்பானில் வசூலானது அதில் பாதி அளவே. ஆனால் உலகெங்கும் விமர்சகர்கள் அதைக் கொண்டாடினார்கள், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. தகஹாதா இயக்கிய கடைசிப் படம் அது. அவர் 2018இல் மறைந்தார். அறுபது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பது நம் மாணவர்கள் பார்க்கப்போகிற செய்தி.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. தொடக்கநிலை: பழைய நோட்டின் மூலையில் 24 தாள்களில் ஒரு பந்து துள்ளுவதை வரையச் சொல்லுங்கள். விரலால் விரைவாகப் புரட்டினால் பந்து அசையும். இரண்டு நொடிகூட ஓடாது. வரைய எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைக்கட்டும். உழைப்பின் அளவு தானே விளங்கும்.

2. நடுநிலை, கணக்கு: மேலே உள்ள படங்களின் செலவையும் வரவையும் அட்டவணையாக்கி வேறுபாடு, விகிதம், லாப நட்ட விழுக்காடு காணச் சொல்லுங்கள். 1937இன் ஒரு டாலரும் 2009இன் ஒரு டாலரும் ஒன்றா என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். சில எண்கள் நிறுவனத்தின் கைக்கு வந்தவை, சில எண்கள் திரையரங்கில் வசூலானவை என்பதையும் நினைவூட்டுங்கள்.

3. உயர்நிலை, மொழி: பள்ளியில் திரையிடப்படும் சிறார் படம் ஒன்றுக்கு மூன்று பத்தியில் விமர்சனம். முதல் பத்தி ‘எனக்குப் பிடித்தது, பிடிக்காதது’. இரண்டாவது ‘படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது’. மூன்றாவது ‘யாருக்குப் பிடிக்கும், ஏன்’. ஒரு பத்தியின் பேச்சு இன்னொன்றில் கலக்கக் கூடாது. வசூல் தெரிந்திருந்தாலும் விமர்சனம் எழுதி முடித்த பிறகே சொல்ல வேண்டும்.

4. உரையாடல்: உறங்கும் இளவரசியை யாரோ வந்து எழுப்ப வேண்டுமா? கதையை மாணவிகள் எப்படி மாற்றுவார்கள்? மாற்றிய கதையை நான்கு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள்.

நம் கையில் உள்ள வசூல் பட்டியல்

இந்தப் பாடத்தை நடத்தி முடித்தபோது, அது எனக்கும் ஒரு பாடம் என்று தெரிந்தது. முதல் வார வசூலைப் பார்த்துப் படத்துக்குத் தீர்ப்பெழுதக் கூடாது என்று மாணவரிடம் சொல்லிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து முதல் பருவ மதிப்பெண் பட்டியலை எடுக்கிறோம். ‘இவன் தேறமாட்டான்’ என்கிறோம். மதிப்பெண் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நட்டத்தைக் கணக்கெடுக்காத நிறுவனம் நிலைக்காது, மதிப்பெண்ணைப் பாராத ஆசிரியரும் குறையைக் கண்டறிய முடியாது. ஆனால் அது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் வீட்டில் நடந்த ஒரு போர் இருக்கலாம். அந்த மாணவர் இன்னும் எழுபது விழுக்காடுதான் முடிந்த படமாக இருக்கலாம்.

இப்போது என் வகுப்பில் மதிப்பெண்ணோடு ஒரு வரியும் எழுதுகிறேன், எது நன்றாக வந்திருக்கிறது என்று. ஆண்டு முடியும்வரை முதல் படிகளைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைசி வரிசை மாணவனும் விமர்சனம் எழுதினான். ‘இந்தப் படம் முதலில் நட்டம். டிராகன் வரும் இடம் எனக்குப் பயமாக இருந்தது, ரொம்பப் பிடித்தது. இளவரசி சும்மா தூங்குகிறாள், அது பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தான். மூன்று வாக்கியத்தில் மூன்று எழுத்துப்பிழை. மூன்றையும் சிவப்பு மையால் திருத்தினேன். கீழே பச்சை மையால், ‘உன் கருத்தை நீயே சொல்லியிருக்கிறாய், நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன்.